கோவிந்தாபுரத்துக்காரியின் கிருமி

எழுபதுகளில் நான் பார்த்த வேலைக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ‘ஹெல்த் விசிட்டர்’ என்று பெயர். தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயத்தில் ‘சளிக்காரி’ என்று பெயர். இரண்டாவதுதான் வேலையைச் சரியாகச் சொன்னது. மாட்டுப்பட்டி என்ற ஊருக்கு மேலே, மலையாளப் பக்கத்து மலையில் எங்கள் தேயிலை எஸ்டேட். காலை ஆறு மணிக்கு வாயகன்ற சின்னக் குப்பிகளை மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு லயம் லயமாகப் போவேன். மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள் குப்பியில் துப்பித் தர வேண்டும். எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து வர வேண்டும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு எச்சிலைத் துப்பித் தருவார்கள்.

நான் பிறந்ததும் அதே லயத்தில்தான். என் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அம்மா நான் பத்தாவது படிக்கும்போது இறந்துபோனாள். அப்பா ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிறவர். சனிக்கிழமை சாயங்காலங்களில் மாரியம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் பஜனை நடக்கும். அதில் முன்பாட்டு அப்பாதான். கனத்த குரல். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நான்கைந்து முறை நன்றாக இருமித் தொண்டையைச் சரிசெய்துகொள்வார். அந்த இருமலைக் கேட்டதும் டோலக்குக்காரர் மடியில் டோலக்கை இழுத்து வைத்துக்கொள்வார். பல வருடமாக அப்படித்தான் நடந்து வந்தது. அது பாட்டின் ஒரு பகுதி என்றே எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன், குப்பி தூக்குகிற வேலைக்கு வந்த பிறகும்.

எங்கள் வரிசையில் நான்காவது வீட்டில் எஸ்டேட் லாரி டிரைவர் ஒருவன் இருந்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கொல்லங்கோட்டுக்கு லோடு கொண்டு போவான். வழியில் மாநில எல்லையான கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளை மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். செக்போஸ்ட்டுக்கு எதிரே ஒரு கடலைக்காடு. அதில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணை அவன் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். அந்தக் கல்யாணத்துக்கு அரசாங்கம் செய்த உதவி அந்தத் தாமதம்தான்.

அவள் பேச்சு எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போடுவாள். கோழியை விரட்டும்போதுகூட மரியாதையாக விரட்டுவதாக லயத்தில் சொல்வார்கள். தை மாதம் வந்தாள். ஆடியில் இருமல் பிடித்தது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள். ஒருநாள் குழாயடியில் இருமித் துப்பியதில் ரத்தம் வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவளை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சளியில் டிபி கிருமி இருந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் அவள் புருஷனுக்குக் கண்டது. பிறகு ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற ஒருவருக்கு. பிறகு எங்கள் கங்காணிக்கு. கடைசியாகக் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணுக்கு. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகள். ஆக ஐந்து பேர்.

யார் கொண்டு வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. டிரைவரின் அம்மா குழாயடியில் நின்று சொன்னாள்:

“சீதனமாக் கொண்டாந்துட்டா. எம் மவன் நெஞ்ச அரிச்சாச்சு. இனி லயத்தையே அரிப்பா.”

ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு போர்வை. அவள் ஊர்ப்பக்கத்து ஹெல்த் சென்டரில் ஊசியும் மாத்திரையும் தொடர நான்தான் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பஸ் நிற்கிற இடத்தில் அவள் என்னைக் கேட்டாள்:

“ஏனுங்க்கா, நாந்தானுங்களா எல்லாத்துக்கும் குடுத்தேன்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். நான் “மாத்திரையை நிறுத்தாதே” என்று சொன்னேன். பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.

இதற்குப் பிறகு லயத்தில் எல்லோருக்கும் சளிச் சோதனை வைத்தார்கள். மூன்று நாள் குப்பி குப்பியாகச் சேகரித்தேன். அப்பாவும் கொடுத்தார். புதிதாக யாருக்கும் கிருமி இல்லை. கோவிந்தாபுரத்துக்காரி போனதோடு நோயும் போய்விட்டது என்று டிரைவரின் அம்மா அறிவித்தாள்.

மாவட்ட டிபி மையத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒரு டாக்டர் ஜீப்பில் வருவார். கோட்டயத்துப் பக்கம். பேச்சு பாதி மலையாளம், பாதி தமிழ். எங்களிடம் வந்த நோயாளிகளின் முதல் சளியை, மருந்து தொடங்கும் முன்னாலேயே, அவர் வாங்கிப்போய் முட்டைக்கரு கலந்த கண்ணாடிக் குழாய்களில் கிருமி வளர்த்து வைத்திருந்தார். அது வளர ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். அவ்வளவு பொறுமை எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒருமுறை வந்தபோது சொன்னார்:

“சிஸ்டரே, ஈ அஞ்சு பேரோட குழாயையும் மெட்ராசுக்கு அயச்சிருக்கேன். அங்க ஒரு லேபில் என் கூட்டுகாரன் உண்டு. கிருமியோட ஜாதி நோக்கித் தருவான்.”

“கிருமிக்கும் ஜாதியா டாக்டர்?”

“உண்டு. இது மனுஷங்கள்ல இருக்கிற ஜாதி போல இல்ல, நிஜமாயிட்டே உண்டு.”

விளக்கியது இவ்வளவுதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லா டிபி கிருமியும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் கிருமிகளைத் தின்கிற, அவற்றைவிடச் சிறிய வைரஸ்கள் உண்டு. ஒவ்வொரு வைரசும் எல்லாக் கிருமியையும் தின்னாது. எந்தெந்த வைரசுக்கு ஒரு கிருமி சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று வரிசையாகப் பார்த்தால் அது எந்த வகை என்று தெரியும். அந்தக் குணம் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதுபோலக் கிருமியிலிருந்து கிருமிக்கு வரும். ஒருவர் நெஞ்சிலிருந்து இன்னொருவர் நெஞ்சுக்குப் போனாலும் மாறாது. இன்றைக்குக் கிருமியின் மரபணுவையே எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்களாம். அன்றைக்கு இருந்தது இவ்வளவுதான்.

அதோடு என்னிடம் ஒரு நோட்டும் கொடுத்தார். ஐந்து பேரும் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள், யாரோடு வேலை பார்க்கிறார்கள், யாரோடு மூடிய அறையில் உட்காருகிறார்கள் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். லயத்தில் நாற்பது வீட்டு வாழ்க்கையும் அந்த நோட்டில் இருந்தது. யார் யாரோடு பேசுவதில்லை என்பதுகூட இருந்தது. எங்கள் வீடு மட்டும் இல்லை. வேண்டுமென்று விடவில்லை. எழுதுகிற இடத்திலிருந்து பார்க்கும்போது சொந்த வீடு தெரியவில்லை.

மெட்ராஸ் முடிவு வர மூன்று மாதம் ஆனது. டாக்டர் தாளை மேசைமேல் வைத்தார்.

“நோக்கு. நாலு பேருக்கும் ஒரே வகை. அந்தக் குட்டிக்கு மட்டும் வேறே.”

“எந்தக் குட்டி?”

“கோவிந்தாபுரம்.”

நான் தாளை இரண்டு தடவை பார்த்தேன். புரிகிற எழுத்து ஒன்றும் அதில் இல்லை. கட்டங்களும் கூட்டல் கழித்தல் குறிகளும்தான். நான்கு வரிசைகளில் குறிகள் ஒரே மாதிரி. ஐந்தாவதில் வேறு மாதிரி.

“அப்படியென்றால் அவள் யாருக்கும் கொடுக்கவில்லையா?”

“இவங்களுக்குக் கொடுக்கல்ல. அது உறப்பு, நிச்சயம். வேறே வேறே ஜாதின்னா, ஒண்ணு மற்றேதுக்குப் பிறந்ததில்ல.”

“இவர்கள் நாலு பேரும் ஒருத்தரிடமிருந்து வாங்கியதா?”

“அது உறப்பா சொல்ல முடியில்ல. ஒரே வகை நாட்டில் நிறைய பேருக்கு இருக்கும். வேறேன்னா நிச்சயம். ஒண்ணுன்னா, ஒருவேளை. மனசிலாயோ?”

புரிந்தது. அவர் ஜீப்பில் ஏறும் முன்னால், நோட்டைப் பார்த்து இந்த நான்கு பேரும் சேருகிற ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அங்கே ஐந்தாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும், ரொம்ப நாளாக இருமுகிறவராக இருக்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் நோட்டைப் பிரித்தேன். டிரைவர், வாட்டுகிறவர், கங்காணி, கொழுந்துக்காரி. நால்வரும் ஒரே வீட்டில் சாப்பிட்டதில்லை. ஒரே இடத்தில் வேலை பார்த்ததில்லை. டிரைவர் பஜனையில் ஜால்ரா தட்டுவான். கங்காணி முன்வரிசையில் உட்காருவார். வாட்டுகிறவர் பின்பாட்டு. கொழுந்துக்காரி பெண்கள் பக்கத்தில் முதல் ஆள். கொட்டகைக்கு இரண்டு ஜன்னல். குளிருக்காக இரண்டையும் தேயிலைச் சாக்கு வைத்து அடைத்திருந்தோம். அந்தச் சாக்கைத் தைத்தவள் நான்தான்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் இருமினார். நான் அந்த இருமலை அன்றுதான் முதல்தடவை கேட்டேன்.

மறுநாள் காலை எல்லா வீட்டுக்கும் போவதுபோல எங்கள் வீட்டு வாசலுக்கும் ஒரு குப்பியோடு வந்து நின்றேன்.

“அப்பா, சளி வேணும்.”

“முந்தியே குடுத்தாச்சேம்மா. ஒண்ணுமில்லன்னுதான சொன்னிய.”

“இப்ப என் முன்னாடி இருமித் துப்புங்க.”

அவர் குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சொன்னார்:

“அன்னைக்குக் குடுத்தது என்னோடது இல்ல.”

“யாரோடது?”

“டோலக்குக்காரனோடது. அவன் ரெண்டு குப்பில துப்பினான்.”

டோலக்குக்காரருக்கு நல்ல நெஞ்சு. இரண்டு குப்பி போதாது என்றால் மூன்றாவதும் கொடுத்திருப்பார். என் பதிவேட்டில் அவர் இரண்டு பெயரில் ஆரோக்கியமாக இருந்தார்.

“எதுக்குப்பா இப்படிச் செய்தீங்க?”

“சளிக்காரி வீட்டுலயே டிபின்னா உங்கிட்ட எவன் குப்பி வாங்குவான்? உனக்கு வேல போயிரும்னு நெனச்சேன்.” பிறகு, “பாட்டும் நின்னுரும்லா” என்றார்.

எது முதல் காரணம் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் நின்று இருமினார். குப்பி பாதி நிறைந்தது. நான் சேகரித்ததிலேயே நெஞ்சிலிருந்து வந்த மிக நல்ல மாதிரி அதுதான்.

லேப் டெக்னீஷியன் அன்று லீவு. நானே கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஊற்றி, சூடு காட்டி, கழுவிப் பார்த்தேன். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள். பொதுவாக நூறு இடம் நகர்த்தித் தேட வேண்டும். இதில் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. பதிவேட்டில் அப்பாவின் பெயரையும் எங்கள் வீட்டு நம்பரையும் எழுதினேன். ‘நோயாளியோடு வசிப்பவர்கள்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுதி முடித்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

என்னையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை. இத்தனை வருடம் ஒரே அறையில் படுத்தவளுக்கு எப்படி ஒன்றுமில்லாமல் போனது என்று டாக்டரைக் கேட்டேன். “பாக்யம்” என்றார். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கும் என்று நினைத்தேன். இல்லையாம்.

அப்பாவின் கிருமியும் வளர்ந்து மெட்ராஸ் போய்த் திரும்பியது. அந்த நான்கு பேரின் அதே வகை. டாக்டர் மறுபடியும் அதே இரண்டு வாக்கியங்களைச் சொன்னார். வேறு என்றால் நிச்சயம், ஒன்று என்றால் ஒருவேளை. அதற்குள் அப்பாவுக்கு நானே தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் போட்டு மறுநாள் மறுபக்கம். “எந்தப் பக்கம்?” என்பேன். “எடது” என்பார்.

பஜனை நின்றது. ஜன்னல் சாக்குகளை நான் பிரித்தெடுத்தேன்.

லயத்தில் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பாவே போய் டிரைவரின் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார். அவள் சனிக்கிழமைதோறும் அவர் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவள். அவர் போன கால் மணி நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

“உங்கப்பா என்னமோ சொல்லுதாவளே. நெசமா?”

“உங்க மருமக யாருக்கும் குடுக்கலம்மா. அது நிச்சயம்.”

“அப்ப எம் மவனுக்குக் குடுத்தது உங்கப்பாவா?”

“ஒருவேளை.”

“அதென்ன ஒருவேள? அவளுக்கு மட்டும் நிச்சயம், இவருக்கு ஒருவேளயா?”

நியாயமான கேள்வி. டாக்டர் சொன்னதை என்னால் முடிந்தவரை சொன்னேன். சிறிய வைரஸ் பெரிய கிருமியைத் தின்பது வரை சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்து, “சாமி பாட்டு பாடுற வாயி” என்று சொல்லிவிட்டுப் போனாள். அது குற்றச்சாட்டா மன்னிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் டிரைவரோடு லாரியில் கோவிந்தாபுரம் போனேன். அவனுக்கு அப்போது சளியில் கிருமி இல்லை. வண்டி ஓட்ட அனுமதித்திருந்தார்கள். மறையூர் தாண்டியது. பிறகு, “அவள வேண்டாம்னு நான் சொல்லலக்கா” என்றான். என்னைவிட மூத்தவன், என்னை அக்கா என்றான். “வேணும்னும் சொல்லலியே” என்றேன். அவன் கியரை மாற்றினான்.

அவள் கடலை காயப்போட்டிருந்த களத்தில் இருந்தாள். முகம் தெளிந்து, உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. எங்களுக்கு மோர் கொடுத்தாள். புருஷனைப் பார்த்தும் பார்க்காததுபோலச் சொம்பை அவன் பக்கத்தில் வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மருந்துச்சீட்டின் பின்பக்கம் டாக்டரின் கட்டங்களைப் போட்டுக் காட்டினேன். நான்கு வரிசை, பிறகு அவளுடையது.

“இது என்றதுங்களா?”

“உன்னோடது.”

அந்த வரிசையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எங்க பெரியப்பாரு ரெண்டு வருசம் இருமித்தானுங்க செத்தாரு. ஆஸ்துமான்னு சொல்லிப்போட்டாங்க. நாந்தானுங்க சோறு கொண்டு போவேன்.” பிறகு, “அப்ப இது எங்க ஊட்டுதுதானுங்க” என்றாள். ஏதோ தொலைந்த பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிற குரலில்.

டிரைவர், “வந்துரு” என்றான்.

“வாரனுங்க. மாத்தர இன்னும் ஏழு மாசம் இருக்குது. முடிச்சுப்போட்டு வாரேன்.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அத்தை எந்த எடத்துல நின்னு சொன்னாங்களோ, அதே எடத்துல நின்னு இல்லீன்னு சொல்லோணுங்க. எங்காதுல கேக்க வேண்டாம். கேட்டவங்க காதுல கேட்டாப் போதும்.”

நான் திரும்பி வந்து இதை மாமியாரிடம் சொன்னேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில், எல்லோரும் குடத்தோடு நிற்கிற நேரத்தில் குழாயடிக்கு வந்தாள். தன் முறை வரும்வரை நின்றாள். குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “அவ கொண்டாரல” என்றாள். யாரும் ‘எவ’ என்று கேட்கவில்லை. குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஏழு மாதம் முடிந்து மருமகள் வந்தாள். பிறகு லயத்திலேயே இருந்தாள். மாமியாரைக் கடைசிவரை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசினாள். இரண்டு பிள்ளைகள். அவள் கேட்ட கேள்விக்கு பஸ் நிறுத்தத்தில் நான் பதில் சொல்லாததைப் பற்றி அவள் என்னிடம் எப்போதும் பேசியதில்லை. நானும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

டாக்டர் மாற்றலாகிப் போனார். கிருமி வளர்த்த குழாய்களை எல்லாம் வழக்கப்படி நீராவியில் வேகவைத்து அழித்துவிட்டார்கள். இப்போதைய முறைகளில் அவற்றைப் படித்தால் அந்த ‘ஒருவேளை’ நீங்கியிருக்குமோ என்னவோ. படிக்க ஒன்றும் மிச்சமில்லை.

நால்வரில் மூவர் குணமானார்கள். கொழுந்துக்காரி இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். வாரத்துக்கு இரண்டு முறை போய்ச் சண்டை போட்டேன். மாத்திரையோடு தருகிற பவுடர் மருந்து வயிற்றைப் புரட்டுகிறது, கொழுந்து நிறுக்கும்போது தலை சுற்றுகிறது என்றாள். விழுங்கிவிட்டதாக வாயைத் திறந்து காட்டுவாள். நான் போன பிறகு துப்பியிருக்கிறாள். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனாள். பெரியவளுக்குப் பதினாறு வயது, சின்னவளுக்குப் பதினொன்று.

அப்பாவுக்கு ஒன்றரை வருடத்தில் முழுக்கக் குணமானது. இருமல் போனதோடு அந்தக் கனத்த குரலும் போய்விட்டது. அல்லது அவர் பாடிப் பார்க்கவில்லை. பஜனையை வேறொருவர் தொடங்கினார். அப்பா போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கும்போது கோடாலியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போவார். ஒரு வாரத்துக்கு வேண்டிய விறகைப் பிளந்து, தாழ்வாரத்தில் அளவாக அடுக்கிவிட்டு வருவார். வரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முதல் தடவை போய்வந்த அன்று மட்டும் என்னிடம் கேட்டார்:

“என்னாலதான்னு உறுதியாத் தெரியுமாம்மா?”

“தெரியாதுப்பா.”

தலையாட்டினார். மறுபடி கேட்கவில்லை. பெரியவளுக்குக் கல்யாணமாகிப் போகும்வரை, பிறகு சின்னவளுக்கும் கல்யாணமாகிப் போகும்வரை, விறகு பிளந்தார். ஃபேக்டரியில் வாரம் முழுக்க விறகோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு சனிக்கிழமையும் அந்த ஆசை விடவில்லையே என்று சின்னவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆமாம் என்றேன்.